குளித்து மணல் கொண்ட கவிதைகள்

கேள்வி இது: "நினைவையும் உள்மனத்தையும் பேசும் கவிதைகளைத் தமிழில் எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்? சங்கப் பாடல்களைப் பள்ளியில் திணை, துறை என்று மனப்பாடம் செய்ததோடு சரி. அவற்றில் தனி மனிதரின் உள்மனம் என்று ஏதாவது இருக்கிறதா? நானும் கவிதை எழுதுகிறேன். ஆனால் 'நினைவுகள்', 'வலி', 'மௌனம்' என்ற மூன்று சொற்களையே சுற்றிச் சுற்றி வருகிறேன்."

கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அந்த மூன்று சொற்கள் உங்களை மட்டும் பிடித்து ஆட்டவில்லை. என் கல்லூரி நோட்டுப் புத்தகம் ஒன்று இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதன் முதல் பக்கத்தில் 'நினைவலைகள்' என்று தலைப்பிட்டு, அடியில் இரண்டு வளைகோடும் போட்டிருக்கிறேன். உள்ளே நாற்பது பக்கத்துக்கு நினைவு வாட்டுகிறது, நினைவு சுடுகிறது, நினைவு நனைக்கிறது. என்ன நினைவு என்று கேட்டால் ஒரு பக்கத்திலும் பதில் கிடையாது. எனக்கு அந்த வியாதி தீர்ந்தது ஒரு கிழவரால். இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கிழவர். புறநானூற்றின் 243-ஆம் பாட்டில் இருக்கிறார். பாட்டு பதினான்கே அடி, முழுதாகவே தருகிறேன். பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

இனிநினைந்து இரக்கம் ஆகின்று, திணிமணல்
செய்வுறு பாவைக்குக் கொய்பூத் தைஇத்
தண்கயம் ஆடும் மகளிரொடு கைபிணைந்து
தழுவுவழித் தழீஇத் தூங்குவழித் தூங்கி
மறையெனல் அறியா மாயமில் ஆயமொடு
உயர்சினை மருதத் துறையுறத் தாழ்ந்து
நீர்நணிப் படிகோடு ஏறிச் சீர்மிகக்
கரையவர் மருளத் திரையகம் பிதிர
நெடுநீர்க் குட்டத்துத் துடுமெனப் பாய்ந்து
குளித்துமணற் கொண்ட கல்லா இளமை
அளிதோ தானே யாண்டுண்டு கொல்லோ
தொடித்தலை விழுத்தண்டு ஊன்றி நடுக்குற்று
இருமிடை மிடைந்த சிலசொல்
பெருமூ தாளரேம் ஆகிய எமக்கே

இன்றைய தமிழில் சொன்னால் இப்படி வரும்: இப்போது நினைத்தால் இரக்கமாக இருக்கிறது. செறிந்த மணலில் பாவை செய்து, அதற்குப் பறித்த பூவைச் சூட்டி, குளத்தில் விளையாடும் பெண்களோடு கைகோத்து, அவர்கள் தழுவும்போது தழுவி, அசையும்போது அசைந்து, ஒளிவு மறைவு தெரியாத சேக்காளிகளோடு, துறையில் நீரைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, நீர் நாலாபக்கமும் சிதற, ஆழமான மடுவில் துடுமென்று குதித்து, முங்கி, அடியிலிருந்து மணலை அள்ளி வந்த அந்த ஒன்றும் அறியாத இளமை, பாவம், அது இப்போது எங்கே இருக்கிறதோ? பூண் போட்ட தடியை ஊன்றி, உடம்பு நடுங்கி, இருமலுக்கு இடையே நெருக்கியடித்துக்கொண்டு வரும் சில சொற்களை உடைய கிழவனாகிவிட்ட எனக்கு?

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இதற்கு உரையே வேண்டாம். எங்கள் ஊரில் கோடை விடுமுறை என்றால் கமலைக் கிணறுதான். மோட்டார் ரூம் திட்டிலிருந்து குதிப்போம். குதிப்பது பெரிய விஷயம் இல்லை. அடிவரைக்கும் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் எவன் நம்புவான்? கையில் சேறு இருந்தால்தான் கணக்கு. சேறு எடுத்து வந்து மேலே கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இந்தக் கிழவர் செய்ததும் அதேதான். 'குளித்து மணற் கொண்ட' என்று போகிற போக்கில் சொல்கிறார். எதற்கு மணல் என்று விளக்கவில்லை. கரையவர் மிரண்டார்கள், திரை சிதறியது, நான் மணலோடு வந்தேன், அவ்வளவுதான்.

இப்போது இலக்கணத்தைக் கவனியுங்கள். பிணைந்து, தழீஇ, தூங்கி, ஏறி, பாய்ந்து, குளித்து. எச்சத்தின் மேல் எச்சமாகப் போய்க்கொண்டே இருக்கிறார், எங்கும் முற்றுப்புள்ளி இல்லை. மூச்சு விடாமல் பத்து அடி ஓடிய பிறகுதான் 'கல்லா இளமை' என்ற பெயர்ச்சொல் வருகிறது. அதற்குப் பிறகு, கடைசியில், தான் யார் என்று சொல்கிறார்: இருமலுக்கு நடுவே சில சொல் மட்டும் பேச முடிகிறவர். இவரா இவ்வளவு நேரம் மூச்சு விடாமல் பேசினார்? இளமையை நினைத்த அந்தப் பத்து அடிக்குள் இவருக்கு ஒரு இருமல்கூட வரவில்லை. அது முடிந்ததும் கை நடுக்கமும் இருமலும் திரும்பி வந்துவிடுகின்றன. நினைவு ஒரு மனிதரை என்ன செய்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன கவிதை எதையும் நான் படித்ததில்லை. 'நினைவு என்னை இளமையாக்கியது' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நம் நோட்டுப் புத்தகத்தில் சேர்த்துவிடலாம். அவர் அப்படி எழுதவில்லை, வினையெச்சத்திடம் விட்டுவிட்டார்.

உங்கள் மூன்று சொற்களில் ஒன்று இந்தப் பாட்டில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 'நினைந்து' என்று முதல் அடியிலேயே வருகிறது. ஒரே ஒருமுறை. 'இரக்கம்' என்பதும் ஒருமுறை. பொட்டலத்தின் மேல் பெயர் எழுதுவதுபோல எழுதிவிட்டு, பிறகு பிரித்து உள்ளே இருப்பதை எடுத்து வைக்கத் தொடங்கிவிடுகிறார். நம்முடைய சங்கடம் பெயரை எழுதி எழுதிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே விட்டுவிடுவது.

இந்தப் பாட்டுக்குத் துறை 'கையறுநிலை' என்று குறித்திருக்கிறார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்தீர்களே, அதே கையறுநிலைதான். பெரும்பாலும் மன்னனோ வள்ளலோ செத்தால் பாடுவது. இங்கே செத்தது யார்? பாடுகிறவரின் இளமை. பாடுகிறவர் உயிரோடு தடியூன்றி நிற்கிறார். திணை, துறை என்பவை வெறும் லேபிள் என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். தொகுத்த காலத்து ஆள் ஒருவர் இந்தப் பாட்டைப் படித்துவிட்டு, இதை எந்தக் கட்டில் வைப்பது என்று யோசித்து, சாவுப் பாட்டுகளோடு வைத்திருக்கிறார். அதுவும் ஒரு வாசிப்புதானே.

பாடியவர் பெயர் 'தொடித்தலை விழுத்தண்டினார்'. அது அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் இல்லை. பெயர் தொலைந்துபோனது, பாட்டின் 12-ஆம் அடியிலிருந்து தடியை எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். இப்படிப் பெயர் தொலைந்து உவமை மிஞ்சியவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள்: செம்புலப் பெயனீரார், ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக் கோழியார், கங்குல் வெள்ளத்தார். ஒருவர் என்ன பெயரில் வாழ்ந்தார் என்பதைக் காலம் மறந்துவிட்டது. அவர் எதைப் பார்த்தார் என்பதை மட்டும் வைத்திருக்கிறது. நான் இவர்களைப் பெரிய கவிஞர்களின் பட்டியலுக்கு மேலே வைப்பவன். அது என் சொந்தச் சாய்வு.

இவர்களில் அணிலாடு முன்றிலார் பாட்டையும் (குறுந்தொகை 41) பார்த்துவிட்டு மேலே போகலாம். காதலன் பக்கத்தில் இருக்கும்போது திருவிழா நடக்கும் ஊர்போல மகிழ்ந்திருப்பேன், அவன் பிரிந்த நாளில் 'மக்கள் போகிய அணிலாடு முன்றில் புலப்பில் போல' ஆகிவிடுவேன் என்கிறாள் ஒருத்தி. ஆட்கள் விட்டுப்போன வீடு. முற்றத்தில் அணில் ஓடுகிறது. அணில் ஏன்? ஆள் நடமாட்டம் இருந்தால் அணில் முற்றத்தின் நடுவுக்கு வராது. பாழடைந்த சுவரையோ பூட்டையோ காட்டாமல், அங்கே புதிதாகக் குடிவந்திருக்கும் ஒன்றைக் காட்டி வெறுமையைச் சொல்லிவிட்டார். தனிமைக்கென்று 'புலப்பு' என்ற ஒரே ஒரு சொல்தான் பாட்டில் இருக்கிறது. இடம்பெயர்ந்து போய்ப் பல ஆண்டு கழித்துச் சொந்த வீட்டைப் பார்க்கத் திரும்பிய யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் இந்தப் பாட்டைச் சொன்னபோது, அவர் அணிலைத் தாண்டி எதையும் பேசவில்லை.

சரி, அடுத்தது நினைவின் இலக்கணம். பாரி மகளிர் பாட்டு (புறநானூறு 112) உங்களுக்கும் பாடத்தில் இருந்திருக்கும்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

மூவேந்தர் முற்றுகையில் பறம்பு மலை போய், தகப்பன் பாரியும் இறந்து, ஒரு மாதம் கழிந்த பௌர்ணமியில் இரண்டு பெண்கள் பாடியது. அன்றைக்கும் நிலா, இன்றைக்கும் நிலா. முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் வித்தியாசம் 'அ' இடத்தில் 'இ' வந்தது மட்டும்தான். சுட்டெழுத்து என்று ஆறாம் வகுப்பில் படித்தோமே, அந்த இரண்டு எழுத்துக்குள் ஒரு நாடு போயிருக்கிறது.

பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித் தராத ஒன்று இதில் இருக்கிறது. வரிசையைப் பாருங்கள். முதலில் 'எந்தை', பிறகு 'குன்று'. மறுபடி சொல்லும்போது அது தலைகீழாகிறது: முதலில் 'குன்று', பிறகு 'எந்தை'. குன்றைக் கொண்டார்கள் என்பதைச் சொல்லிவிட முடிகிறது. அப்பாவைப் பற்றிய வாக்கியத்தைத் தள்ளித் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுபோகிறார்கள். 'இலமே' என்றதும் பாட்டு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர்களால் பேச முடியவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சாவு வீட்டில் விசாரிக்கப் போனவர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், யார் யாருக்குப் போன் போட்டோம் எல்லாம் சொல்வார்கள். அந்த ஒன்றை மட்டும் கடைசியில்தான் சொல்வார்கள். இந்தப் பாட்டுக்கும் துறை அதே கையறுநிலைதான்.

கிழவர் பாட்டும் பாரி மகளிர் பாட்டும் புறப்பாட்டு. உள்மனம் என்று கேட்டீர்கள், அதற்கு அகப்பாட்டுக்குத்தான் வர வேண்டும். அகம் என்ற சொல்லுக்கே உள் என்றுதான் பொருள். ஏ. கே. ராமானுஜன் 1967-இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தபோது, 'உள்ளே இருக்கும் நிலம்' என்று பொருள் வரும்படிப் புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். பொருத்தமான பெயர். ஆனால் ஒரு எச்சரிக்கை: அகப்பாட்டில் வரும் 'நான்' கவிஞர் இல்லை. தலைவி, தலைவன், தோழி, செவிலி என்று யாரோ ஒருவர் பேசுகிறார், யாரோ ஒருவர் கேட்கிறார். 'சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பிய விதி. அகத்தில் ஆள் பெயர் வரக்கூடாது. டைரி எழுதுவதுபோல எழுதப்பட்டவை அல்ல இவை. நடிப்புக்குள் நின்றுகொண்டு உண்மை சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விதிக்குள் எவ்வளவு தூரம் போக முடியும்? கபிலரின் குறுந்தொகை 25.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

யாரும் இல்லை, அவன்தான் இருந்தான், கள்வன். அவனே இல்லையென்று பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகும் இருந்தது, தினைத்தாள் மாதிரிச் சின்னப் பசிய காலோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி.

திருமணத்துக்கு நாள் கடத்துகிறான் தலைவன். அப்போது தலைவி தோழியிடம் சொல்வது இது. நினைவின் பெரிய பயம் இங்கே இருக்கிறது. நடந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மறுத்துவிட்டால் நடந்ததே நடக்காததாகிவிடும். சாட்சி தேடுகிறாள். 'யாரும் இல்லை' என்று ஆரம்பித்தவளுக்குக் கொஞ்சம் பொறுத்துக் கொக்கு ஞாபகம் வருகிறது. 'குருகும் உண்டு' என்பதில் உள்ள அந்த 'உம்' பரிதாபமானது. கொக்கு வாய் பேசாது. பேசினாலும் அது பார்த்துக்கொண்டிருந்தது ஆரல் மீனை.

இன்னொன்று. கொக்கின் எதை அவள் நினைவில் வைத்திருக்கிறாள்? இறகு, மூக்கு எதுவும் இல்லை. கால். அதன் பருமன், அதன் நிறம். அந்த நேரத்தில் அவள் பார்வை எங்கே இருந்தது என்று கபிலர் சொல்லவில்லை. தலை குனிந்திருந்தவளுக்குத்தான் நீரில் நிற்கும் கால் தெரியும் என்பது என் ஊகம். உரைகளில் இதை நான் பார்த்ததில்லை, அதனால் என் தலையில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெரிய சம்பவத்தில் முகம் மறந்துபோகும், தரையில் இருந்த ஓட்டுச் சில்லு ஞாபகம் இருக்கும்.

உள்மனத்தின் சண்டையைப் பார்க்க நற்றிணை 284. தலைவன் பொருள் தேடிப் போன இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான். நெஞ்சம் 'செல்வாம்' என்கிறது, வா, அவளிடம் போய்விடலாம். அறிவு 'சிறிது நனி விரையல்' என்கிறது, கொஞ்சம் பொறு, அவசரப்படாதே, வேலையை முடிக்காமல் போனால் கேவலம். இரண்டுக்கும் நடுவே என் உடம்பு இரண்டு யானை எதிரெதிராகப் பற்றி இழுக்கும் தேய்ந்த புரிகளை உடைய பழங்கயிறுபோல அழிந்துவிடுமோ என்கிறான். நெஞ்சம், அறிவு, உடம்பு என்று ஒரே ஆளுக்குள் மூன்று பேர். வளைகுடாவிலிருந்து ஒப்பந்தம் முடிவதற்கு முன்பு ஊருக்கு வந்துவிடலாமா என்று ராத்திரியில் கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்தக் கயிறு நன்றாகத் தெரியும். பாடியவர் பெயர்? தேய்புரிப் பழங்கயிற்றினார். இவரும் அந்தக் கூட்டத்து ஆள்தான்.

நெஞ்சோடு பேசுவது தமிழ்க் கவிதையில் தனி வகையாகவே வளர்ந்தது. அகப்பாட்டுகளின் அடியில் 'தன் நெஞ்சிற்குச் சொல்லியது' என்ற குறிப்பு திரும்பத் திரும்ப வரும். குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. தன்னுடைய மனத்தையே எதிரில் உட்கார வைத்து 'நீ' என்று பேசுவது. இதைக் கவனித்தால் உங்கள் மூன்றாவது சொல்லான 'மௌனம்' பற்றியும் கொஞ்சம் தெளிவு வரும். நம் பழைய கவிதையில் உள்மனம் மௌனமாக இருப்பதே இல்லை. அது வாயாடி. கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தால் போதும்: தோழி, நெஞ்சு, சில இடங்களில் நண்டு, நிலா, கடல்.

சொல்ல முடியாமையைச் சொல்ல வேண்டுமென்றால்? வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 58 இருக்கிறது. வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருண்டை. காவலுக்கு இருப்பவனுக்குக் கை இல்லை, வாயும் பேச வராது. 'கையில் ஊமன் கண்ணிற் காக்கும் வெண்ணெய் உணங்கல்.' உருகி ஓடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படிப் பரவுகிறது இந்த நோய் என்கிறான் ஒரு ஆண், தன்னைக் கண்டிக்கும் நண்பர்களிடம். எழுதியவர் பெண். அக மரபு அவர் பெயரையோ கதையையோ சொல்ல விடாது. ஆனால் ஔவையார் அகநானூறு 147-இல், வெள்ளிவீதியைப்போல நானும் அலையப் புறப்பட்டேன் என்று ஒரு தலைவியின் வாயில் வைத்துச் சொல்லிவிடுகிறார். முகமூடி போட்டுத்தான் எழுதினார்கள். முகமூடிக்குப் பின்னால் யார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது.

நினைப்பது என்றால் என்ன என்றே கேட்கும் பாட்டும் ஔவையாரிடம் உண்டு, குறுந்தொகை 99. திரும்பி வந்த தலைவனிடம் தோழி கேட்கிறாள், போன இடத்தில் எங்களை நினைத்தீர்களா என்று. அவன் பதில்: 'உள்ளினென் அல்லெனோ யானே, உள்ளி நினைந்தனென் அல்லெனோ பெரிதே, நினைந்து மருண்டனென் அல்லெனோ உலகத்துப் பண்பே.' உள்ளினேன், உள்ளி நினைந்தேன், நினைந்து மருண்டேன். ஒவ்வொரு வினையும் அடுத்ததற்குப் படியாகிறது. உள்ளுவது என்றால் உள்ளே எடுத்துக்கொள்வது. உள்ளமும் அதே 'உள்'ளிலிருந்து வந்ததுதான். நம் எழுத்தில் 'நினைத்தேன்' என்ற ஒரே வினையால் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகிறோம். ஔவைக்கு அதில் மூன்று படி இருந்திருக்கிறது. பிறகு உவமை: மராமரத்தின் கிளையைத் தொடும் அளவுக்குப் பெருகிய வெள்ளம், கையால் அள்ளிக் குடிக்கும் அளவுக்கு வடிந்ததுபோல, அவ்வளவு பெரிய காமம் இங்கே வந்ததும் அடங்கிவிட்டது. தொலைவில் இருந்தபோது மூழ்கடித்தது, வீட்டுக்கு வந்ததும் ஒரு கை நீர். இது தோழிக்கு ஆறுதலா, இல்லை கொஞ்சம் ஏமாற்றமா என்று என்னால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

வள்ளுவர் இதை எடுத்துக்கொண்டு விளையாடியிருக்கிறார். காமத்துப்பாலைப் பலர் பெரியவர்களானதும் தாண்டிப் போய்விடுகிறார்கள், நஷ்டம் அவர்களுக்குத்தான். 1125-ஆம் குறள்: 'உள்ளுவன் மன்யான் மறப்பின் மறப்பறியேன்.' மறந்தால்தானே நினைப்பதற்கு, எனக்கு மறக்கத் தெரியாதே. நல்ல வசனம். அதே வசனம் 1316-இல் அவன் மேலேயே திரும்பி விழுகிறது. 'உன்னை நினைத்தேன்' என்கிறான் அவன். 'அப்படியென்றால் நடுவில் மறந்தீர்களா?' என்று கேட்டுவிட்டுத் தழுவ வந்தவள் ஊடிக்கொள்கிறாள். தர்க்கம் சரிதான், என்ன செய்வது!

'நினைந்தவர் புலம்பல்' அதிகாரத்தில் தும்மல் வருகிறது. தும்மல் வருவதுபோல வந்து நின்றுவிட்டது. அவர் நினைப்பதுபோலத் தொடங்கி நினைக்காமல் விட்டுவிட்டாரோ என்கிறாள் (1203). இப்போது நம் வீடுகளில் தும்மலின் இடத்தைப் புரையேறுவது பிடித்துவிட்டது. சாப்பிடும்போது புரையேறினால் தலையில் தட்டி 'யாரோ நினைக்கிறாங்க' என்று சொல்லாத அம்மா உண்டா? நினைவை உடம்பில் தெரியும் ஒன்றாகப் பார்ப்பது நம் பழக்கத்திலேயே இருக்கிறது. அதே அதிகாரத்தில் 1206-ஐ மட்டும் விளையாட்டாக எடுக்க முடியாது: 'மற்றியான் என்னுளேன் மன்னோ அவரொடியான் உற்றநாள் உள்ள உளேன்.' அவரோடு இருந்த நாளை நினைப்பதால் இருக்கிறேன், இல்லையென்றால் எதை வைத்து நான் உயிரோடு இருக்கிறேன்?

இடையில் பல நூற்றாண்டுகளைத் தாவி ஒரே ஒரு இடத்தில் நிற்கிறேன். தாய் இறந்தபோது பட்டினத்தார் பாடியதாக வழங்கும் வெண்பாக்கள். 'ஐயிரண்டு திங்களாய்' என்று தொடங்குவது பல பேருக்கு மனப்பாடம். எனக்குப் பிடித்தது அரிசிப் பாட்டு:

அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு
வரிசையிட்டுப் பார்த்து மகிழாமல் – உருசியுள்ள
தேனே அமிர்தமே செல்வத் திரவியப்பூ
மானே எனஅழைத்த வாய்க்கு

வாய்க்கரிசி போட வேண்டும். போடப் போகும்போது அந்த வாய் என்ன சொல்லிக் கூப்பிட்டது என்று காதில் கேட்டுவிடுகிறது. தேனே, அமிர்தமே. கொஞ்சல் சொற்கள் இரண்டு அடி முழுக்க ஓடுகின்றன, கடைசிச் சொல்லாக 'வாய்க்கு' வந்து விழுகிறது. அரிசி முதல் சொல், வாய் கடைசிச் சொல். நடுவில் ஒரு ஆயுள். எல்லாவற்றையும் துறந்தவர் என்று பெயரெடுத்தவர் இதைத் துறக்க முடியாமல் நின்றிருக்கிறார். எங்கள் வீட்டில் ஒரு சாவில் அந்தப் பிடி அரிசியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, தெரியாத்தனமாக இந்தப் பாட்டு நினைவுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அதை மேடையில் யாராவது ராகம் போட்டுப் பாடினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

நவீன கவிதையைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன், நீங்களே தேடிப் படிக்கக்கூடியது. உள்மனம் என்றால் நகுலனிடம் போங்கள். டி. கே. துரைசாமி என்பது இயற்பெயர். கும்பகோணத்தில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவனந்தபுரத்தில் கழித்து, 2007-இல் இறந்தார். சுசீலா என்ற பெயர் அவர் எழுத்து முழுக்க வந்து வந்து போகும். அவள் யார் என்று ஆராய்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். தலைவி என்று ஒருத்தி சங்கப்பாட்டில் இருக்கவில்லையா, அப்படி ஒரு நிழல் என்று வைத்துக்கொள்ளலாம். மிகக் குறைந்த சொற்கள், அன்றாடப் பேச்சு, திடீரென்று காலடியில் தரை இல்லை. அவரைச் சங்கப்பாட்டுக்குப் பிறகு படித்தால் நெஞ்சொடு கிளத்தல் இன்னும் முடியவில்லை என்று தெரியும். நேரடியாக அவரிடம் போனால் சிலருக்கு 'இதெல்லாம் கவிதையா' என்ற கோபம் வருகிறது. அந்தக் கோபம் எனக்கும் வந்தது, இரண்டு வருஷம் இருந்தது.

எப்படிப் படிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் பாட்டின் அடியில் இருக்கும் கூற்றைப் பாருங்கள், யார் யாரிடம் எப்போது சொன்னது என்று. பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். பிறகு முற்றுவினையைத் தேடுங்கள். பழைய பாட்டில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதில்தான் மனத்தின் ஓட்டம் இருக்கும். அப்புறம் உரை. குறுந்தொகைக்கு உ. வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட பதிப்பைப் பரிந்துரைக்கிறேன். தடிமனாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு பாட்டுதானே. மூலம் மட்டும் போதுமென்றால் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

உங்கள் கவிதைகளில் ஒன்றை எடுத்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அந்த மூன்று சொற்களையும் அடித்துவிடுங்கள். மீதி என்ன இருக்கிறது? ஒரு கொக்குக் காலாவது இருந்தால் பாட்டு பிழைத்துக்கொள்ளும். ஒன்றும் இல்லையென்றால் கவலைப்படாமல், எந்த நாள், எந்த இடம், கையில் என்ன இருந்தது என்று உரைநடையிலேயே பத்து வரி எழுதிப் பாருங்கள். நான் என் நோட்டில் அப்படிச் செய்தபோது நாற்பது பக்கத்தில் தேறியது இரண்டே இடம். ஒன்று, மழையில் நனைந்த ஒரு ரேஷன் கார்டு. இன்னொன்றை இங்கே சொல்ல மாட்டேன்.